கடலை நெருங்க நெருங்கக் குறைந்த உலோகம்: எண்ணூர் கழிமுக நீரில் ஏபிடிசி–எம்ஐபிகே பிரித்தெடுப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

வடசென்னையில் நீர் மாதிரிகளைச் சோதிக்கும் ஓர் ஆய்வகம் கொசஸ்தலையாற்றின் கீழ்ப்பகுதியில் ஆறு இடங்களில் நீர் எடுத்து, காட்மியம், செம்பு, நிக்கல், ஈயம் ஆகிய நான்கு உலோகங்களை, ஏபிடிசி என்ற மருந்தால் பிடித்து எம்ஐபிகே என்ற கரைப்பானுக்குள் பிரித்தெடுத்து, அளந்தது. முதல் இடம் வல்லூர் அணைக்கட்டுக்கு மேலே, நன்னீர். அங்கிருந்து படிப்படியாக உவர்ப்பு ஏறி, கடைசி இரண்டு இடங்கள் எண்ணூர் முகத்துவாரமும் அதற்கு வெளியே உள்ள கடலும். நான்கு உலோகங்களும் கடலை நோக்கிப் போகப் போகக் குறைந்தன. ஆற்று நீரில் கடல் நீர் கலந்து அடர்வு குறைகிறது என்று அறிக்கையில் விளக்கமும் எழுதப்பட்டது. கழிமுகத்தில் எல்லோரும் எதிர்பார்ப்பதும் அதுதான் என்பதால் யாருக்கும் ஐயம் எழவில்லை.

ஐயம் எழுந்தது மீட்புச் சோதனையில். வடிகட்டிய கடல் நீரிலும் நன்னீரிலும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வீதம் நான்கு உலோகங்களையும் சேர்த்து, அதே முறையில் பிரித்தெடுத்து, சேர்க்காத மாதிரியின் அளவைக் கழித்துப் பார்த்தார்கள். நன்னீரில் காட்மியம், செம்பு, நிக்கல் மூன்றும் 9.8 முதல் 10.1 வரை வந்தன. கடல் நீரில் மூன்றும் 7.8, 7.9 என்று நின்றுவிட்டன. ஈயம் நன்னீரிலேயே 8.4, கடல் நீரில் 6.6.

அப்படியானால் அறிக்கையில் கண்ட இறக்கத்தில் ஒரு பகுதி ஆற்றில் நடந்தது அல்ல, பிரிபுனலுக்குள், அதாவது நீரையும் கரைப்பானையும் குலுக்கிப் பிரிக்கும் கலத்துக்குள், நடந்தது. எண்ணூர் உப்பங்கழியில் இறாலும் நண்டும் மடவையும் பிடித்துப் பிழைக்கிற குப்பங்கள் இருக்கின்றன. அந்த நீரில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைத்துச் சொன்ன பதில் சிறிய தவறு அல்ல.

செய்யப்பட்ட முறை

கடல் நீரை அப்படியே ஏஏஎஸ் (அணு உறிஞ்சல் நிறமாலை) கருவியின் சுடரில் தெளித்து லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் ஈயத்தை அளக்க முடியாது. சுடர் முறையின் உணர்திறன் அதற்குப் போதாது. தவிர, லிட்டருக்கு 35 கிராம் உப்பு பர்னரின் வாயில் படியும், பின்னணி உறிஞ்சலையும் ஏற்றும். ஆகவே உலோகத்தை மட்டும் பிரித்து, சிறிய கன அளவு கரிமக் கரைப்பானுக்குள் செறிவாக்கிக்கொள்ள வேண்டும்.

அம்மோனியம் பைரோலிடின் டைதயோகார்பமேட், சுருக்கமாக ஏபிடிசி, இந்த வேலைக்குப் பொருத்தமான ஈனி, அதாவது உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு. அதன் இரண்டு கந்தக அணுக்களும் உலோக அயனியைப் பற்றி, மின்னூட்டமற்ற அணைவை (உலோகமும் ஈனியும் சேர்ந்த கூட்டை) தருகின்றன. மின்னூட்டம் இல்லாததால் அது நீரில் நிற்காமல் மெத்தில் ஐசோபியூட்டைல் கீட்டோனுக்குள், அதாவது எம்ஐபிகேக்குள், போய்விடுகிறது. சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவை கந்தக ஈனிகளோடு சேராமல் நீரிலேயே தங்கிவிடும். கடல் நீருக்கு இதைவிட வேண்டியது என்ன? இதன் உறவுக்காரரான டைஎத்தில் டைதயோகார்பமேட் அமிலத்தில் மிக வேகமாகச் சிதைந்துவிடும். ஏபிடிசி பிஎச் 3 அளவிலும் வேலை முடியும்வரை தாங்குகிறது. அமிலமிட்டுப் பாதுகாத்த மாதிரிகளுக்கு அதைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுதான்.

மாதிரியை 0.45 மைக்ரான் சவ்வில் வடிகட்டி, நைட்ரிக் அமிலமிட்டு பிஎச் 2-க்குக் கீழ் வைத்திருந்தார்கள். பிரித்தெடுக்கும் நாளில் 200 மி.லி. மாதிரியை 500 மி.லி. பிரிபுனலில் எடுத்து, நீர்த்த அம்மோனியாவால் பிஎச் 3-க்குக் கொண்டுவந்து, 4 விழுக்காடு ஏபிடிசி கரைசல் 1 மி.லி., எம்ஐபிகே 10 மி.லி. சேர்த்து ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கினார்கள். எம்ஐபிகேயின் அடர்த்தி 0.80 என்பதால் அது மேலே நிற்கும். அடியில் உள்ள நீரை வடித்துவிட்டு, மேலடுக்கை நேராக ஏஏஎஸ் சுடரில் செலுத்தினார்கள். உலோக அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்களான ஸ்டாண்டர்டுகள் அயனி நீக்கிய நீரில் தயாராகி இதே வழியில் பிரித்தெடுக்கப்பட்டன.

இந்த ஆய்வகம் முன்பு 100 மி.லி. மாதிரிதான் எடுத்துவந்தது. கண்டறியும் எல்லையை இன்னும் கீழே கொண்டுபோக வேண்டும் என்று 200 மி.லி.க்கு மாறியது. எம்ஐபிகே அளவும் ஏபிடிசி அளவும் மாறவில்லை. இந்த ஒரு மாற்றத்திலிருந்து இரண்டு சிக்கல்கள் கிளைத்தன.

முதலில் சந்தேகிக்கப்பட்டது குளோரைடு

கடல் நீரில் மீட்பு குறைகிறது என்றதும் குளோரைடு நினைவுக்கு வருவது இயல்பு. கடல் நீரில் காட்மியம் பெரும்பாலும் குளோரைடு அணைவாகவே இருக்கிறது. ஆகவே ஏபிடிசியோடு குளோரைடு போட்டி போடுகிறது என்று எண்ணத் தோன்றும்.

ஆனால் எண்கள் அதற்கு இடம் தரவில்லை. குளோரைடுதான் காரணம் என்றால் காட்மியம் மிகுதியாகவும், குளோரைடோடு வலுவாகச் சேராத செம்பும் நிக்கலும் மிகக் குறைவாகவும் பாதிக்கப்பட வேண்டும். இங்கே மூன்றும் ஒரே விகிதத்தில் விழுந்திருக்கின்றன. வெவ்வேறு நிலைப்பு மாறிலிகளும் வெவ்வேறு வேகமும் கொண்ட மூன்று அயனிகள் ஒரே அளவு குறைந்தால், கோளாறு அணைவு வேதியியலில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அளக்கும் கன அளவிலோ கருவியிலோ பொதுவாக ஏதோ நடக்கிறது என்று பொருள். இந்தத் துறையில் கோளாறு தேடும்போது ஒரு உலோகத்தை மட்டும் பார்க்காமல் மூன்று நான்கை அருகருகே வைத்துப் பார்ப்பதன் பயன் இதுவே.

பிஎச்சும் அப்படியே விலக்கப்பட்டது. செம்பு பிஎச் 1-க்குக் கீழேகூட ஏபிடிசியோடு பிரிந்து வரும். நிக்கலுக்கு 2 முதல் 4 வரை தேவை. பிஎச் தவறியிருந்தால் நிக்கல் முதலில் சறுக்கியிருக்கும், செம்பு அசைந்திருக்காது.

பிறகு ஒரு நேரடிச் சோதனை. பிரித்தெடுத்த பின் அடியில் வடித்த கடல் நீரைக் கொட்டிவிடாமல், அதில் மீண்டும் ஏபிடிசியும் புது எம்ஐபிகேயும் சேர்த்து இரண்டாம் முறை பிரித்தார்கள். இரண்டாம் அடுக்கில் பிளாங்க் (உலோகம் சேர்க்காத வெற்று மாதிரி) அளவுக்கு மேல் ஒன்றும் இல்லை. ஆக, உலோகம் முதல் குலுக்கலிலேயே முழுக்கக் கரிம அடுக்குக்குப் போய்விட்டது. போனது போதாமல் போகவில்லை. போன இடத்தில் அடர்வு குறைவாக இருக்கிறது.

சுடரில் உப்பின் குறுக்கீடா என்பதும் பார்க்கப்பட்டது. கடல் நீரிலிருந்து கிடைத்த கரிம அடுக்கில், பிரித்தெடுத்த பிறகு தெரிந்த அளவு உலோக அணைவைச் சேர்த்து அளந்தபோது முழு மீட்பும் வந்தது. சுடர் குற்றமற்றது.

அளவுக் குழாயில் தெரிந்தது

மீதி இருந்தது ஒரே கேள்வி: மேலடுக்கு எத்தனை மி.லி. இருக்கிறது? இரண்டு பிரிபுனல்களின் கரிம அடுக்குகளையும் ஒரு துளி விடாமல் 10 மி.லி. அளவுக் குழாய்களில் வடித்து, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். நன்னீரிலிருந்து வந்தது 5.5 மி.லி. கோட்டில் நின்றது. கடல் நீரிலிருந்து வந்தது 7.0. உவர்ப்பு பாதி இருந்த நடு இடத்து நீரில் 6.3. மூன்றிலும் ஊற்றியது 10 மி.லி.தான்.

எம்ஐபிகே நீரில் கலக்காத கரைப்பான் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது முற்றிலும் உண்மை அல்ல. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தூய நீர் ஏறக்குறைய 17 முதல் 19 கிராம் எம்ஐபிகேயைக் கரைத்துக்கொள்ளும். 200 மி.லி. நீருக்குக் கணக்கிட்டால் சுமார் 3.5 கிராம், அடர்த்தியால் வகுத்தால் 4.4 மி.லி. நாம் ஊற்றிய 10 மி.லி.யில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு நீருக்குள் மறைந்துவிடுகிறது. எம்ஐபிகேயும் தன் பங்குக்குச் சிறிது நீரை வாங்கிக்கொள்வதால் அடுக்கு கொஞ்சம் பருக்கும், ஆனால் அது ஓரிரு விழுக்காடுதான்.

கடல் நீரில் இந்தக் கரைதிறன் குறைகிறது. உப்பு அயனிகள் நீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றிப் பிடித்து வைத்துக்கொள்வதால் கரிமப் பொருளுக்கு இடம் குறைகிறது. சோப்பு செய்வோர் உப்பிட்டுச் சோப்பைப் பிரிப்பதற்கும் இதுவே அடிப்படை. விளைவு: கடல் நீர் 3 மி.லி. அளவுக்கே எம்ஐபிகேயை விழுங்குகிறது, மேலே 7 மி.லி. மிஞ்சுகிறது.

இனிக் கணக்கு தானே வரும். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்றால் 200 மி.லி.யில் 2 மைக்ரோகிராம் உலோகம். அது 5.5 மி.லி.யில் இருந்தால் அடர்வு லிட்டருக்கு 364 மைக்ரோகிராம், 7.0 மி.லி.யில் இருந்தால் 286. ஸ்டாண்டர்டு தூய நீரில் தயாரானதால் கருவி 364-ஐத்தான் ‘10’ என்று கற்றுவைத்திருக்கிறது. 286 வந்ததும் அது 7.9 என்று சொல்கிறது. மீட்புச் சோதனையில் கிடைத்த எண் சரியாக இதுவே.

பழைய 100 மி.லி. முறையில் இது ஏன் தெரியவில்லை என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. அப்போது தூய நீர் 2.2 மி.லி.யும் கடல் நீர் 1.5 மி.லி.யும் விழுங்கும். மிஞ்சுவது 7.8-உம் 8.5-உம். பிழை 8 விழுக்காடு. மீட்பு 92 வந்தால் எந்த ஆய்வகமும் தலையாட்டிவிடும். மாதிரியை இரட்டிப்பாக்கியபோது பிழை 21 விழுக்காடாக ஏறியது. இதே 10 மி.லி. எம்ஐபிகேயோடு 400 மி.லி. எடுத்திருந்தால் நன்னீரில் 8.8 மி.லி. கரைந்து, மேலே ஒரு மி.லி. சொச்சம்தான் நின்றிருக்கும். நீருக்கும் எம்ஐபிகேக்கும் உள்ள விகிதம் 40-ஐத் தாண்டக் கூடாது என்று சொல்வார்கள். முன்கூட்டி நிறைவாக்காத நீரில் 40-ஐத் தொடுவதே ஆபத்து.

இந்தப் பிழையின் மிக மோசமான குணம், அது உவர்ப்போடு சேர்ந்து நகர்வது. நன்னீர் இடத்தில் பிழை இல்லை, நடுவில் 13 விழுக்காடு, கடலில் 21. ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் திசையில் சீராகக் குறைகிற ஒரு கோட்டை இது தானாக வரைந்துவிடும். உலோக அளவு ஆறு இடங்களிலும் ஒன்றாக இருந்தாலும் அறிக்கையில் சரிவு தெரியும். பருவ ஒப்பீட்டையும் இது கெடுக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் உப்பங்கழியின் உவர்ப்பு இறங்கும்போது எண்கள் உயரும். மே மாதத்தில் உவர்ப்பு ஏறும்போது எண்கள் தாழும். மழைநீர் நகரத்து உலோகத்தை அடித்துக்கொண்டு வருகிறது என்று அதற்கு நல்ல விளக்கமும் கிடைத்துவிடும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்தத் தரவிலிருந்து அதைச் சொல்லக் கூடாது.

நீரால் நிறைவாக்கிய எம்ஐபிகே போதுமா?

போதாது. பல ஆய்வகங்களில் எம்ஐபிகேயைச் சம அளவு அயனி நீக்கிய நீரோடு குலுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அது எம்ஐபிகே நீரை வாங்கிக்கொள்வதை மட்டும் தடுக்கும். நீர் எம்ஐபிகேயை வாங்கிக்கொள்வது அப்படியே நடக்கும். இழப்பில் பெரும்பங்கு இரண்டாவது வகை.

ஆகவே மாதிரியையும் ஸ்டாண்டர்டையும் பிளாங்கையும், ஒன்று விடாமல், முன்கூட்டி எம்ஐபிகேயால் நிறைவாக்க வேண்டும். இந்த நிகழ்வில் கடைப்பிடிக்கப்பட்ட திருத்தம் இது: பிஎச் சரிசெய்த 200 மி.லி. மாதிரியில் ஏபிடிசி சேர்க்கும் முன் 10 மி.லி. எம்ஐபிகே ஊற்றி ஒரு நிமிடம் குலுக்கி, அடுக்குகள் பிரிந்ததும் நீரை இரண்டாம் பிரிபுனலுக்கு வடிக்க வேண்டும். மேலே நின்ற எம்ஐபிகே கழிவுக்குப் போகும். ஏபிடிசி இல்லாத நிலையில், பிஎச் 3 நீரிலிருந்து இந்த நான்கு அயனிகளும் எம்ஐபிகேக்குள் போகாது. பிறகு இரண்டாம் புனலில் ஏபிடிசியும், நீரால் நிறைவாக்கிய எம்ஐபிகே சரியாக 10 மி.லி.யும். இப்போது நன்னீர், உவர்நீர், கடல் நீர் மூன்றிலும் மேலடுக்கு 10 மி.லி.யை ஒட்டியே நிற்கும். நின்றதா என்று அளவுக் குழாயில் பார்த்துவிட வேண்டும்.

முன்கழுவலுக்கு இன்னொரு பலன் உண்டு. எண்ணெய்ப் படலமும் கொழுப்பும் அதோடு போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் உப்பங்கழியில் எண்ணெய் பரவியது. அப்படிப்பட்ட நீரை நேராகக் குலுக்கினால் அடுக்குகளுக்கு நடுவே நுரைத்த பால்போன்ற பகுதி நிற்கும், எல்லைக்கோடே தெரியாது. முன்கழுவினால் பெரும்பாலும் தெளியும். அதன் குறையையும் சொல்ல வேண்டும்: எண்ணெயில் கரையும் கரிம உலோகச் சேர்மங்கள் இருந்தால் அவையும் கழிவோடு போகும். எண்ணெய் பரவிய நீருக்கு மொத்த உலோகம் வேண்டுமானால் மாதிரியை அமிலத்தில் செரித்த பிறகே இந்த வழிக்கு வர வேண்டும்.

உணர்திறனில் ஒரு விலை இருக்கிறது. முன்பு நன்னீரில் உலோகம் 36 மடங்கு செறிந்தது, இப்போது 20 மடங்கு. இதை ஈடுகட்ட 5 மி.லி. எம்ஐபிகே போதும் என்று இறங்கினால் பங்கீட்டு விகிதத்தை, அதாவது உலோகத்தின் அடர்வு நீரில் இருப்பதைப்போல் கரிம அடுக்கில் எத்தனை மடங்கு என்பதை, கவனிக்க வேண்டும். கரிம அடுக்குக்குப் போகும் விழுக்காடு, பங்கீட்டு விகிதத்தை அதோடு நீர்–கரிமக் கன அளவு விகிதத்தைக் கூட்டிய தொகையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வரும். பங்கீட்டு விகிதம் 1000 என்றால் 20-க்கு 1 கன அளவில் 98 விழுக்காடு போகும், 40-க்கு 1 என்றால் 96. பங்கீட்டு விகிதம் 100 மட்டுமே என்றால் அதே இரண்டும் 83, 71 என்று விழும். நல்ல அணைவுக்கு விகிதத்தை ஏற்றினாலும் நட்டமில்லை, சுமாரான அணைவுக்கு ஏற்றினால் நட்டம். இரண்டாம் பிரித்தெடுப்பில் எவ்வளவு வருகிறது என்று ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒருமுறை பார்த்துவிட்டே எம்ஐபிகேயைக் குறைக்க வேண்டும்.

மாற்று வழிகளில் எங்களுக்குப் பிடித்தது கரைப்பானையே மாற்றுவது. டைஐசோபியூட்டைல் கீட்டோன் நீரில் மிக மிகக் குறைவாகவே கரைகிறது, ஆகவே இந்தச் சிக்கல் அடியோடு போய்விடும். சுடரிலும் எரியும். குளோரோஃபார்மும் நீரில் குறைவாகத்தான் கரையும், ஆனால் அதைச் சுடரில் செலுத்தவே கூடாது: எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் பாஸ்ஜீனும் உண்டாகும்.

கரிம அடுக்கிலிருந்து உலோகத்தை மீண்டும் நைட்ரிக் அமிலத்துக்கு இறக்கி அளக்கும் முறைக்கு மாறினால் பிழை போய்விடும் என்றும் ஒரு கருத்து உண்டு. அது எப்படி இறக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. மேலடுக்கு முழுவதையும் எடுத்து இறக்கினால் கன அளவு எதுவாக இருந்தாலும் கவலையில்லை, மொத்த உலோகமும் வந்துவிடும். மேலடுக்கிலிருந்து 5 மி.லி. பிப்பெட்டில் எடுத்து இறக்கினால் பழைய பிழை அப்படியே உடன் வரும்.

ஸ்டாண்டர்டுகளைக் கடல் நீரிலேயே தயாரிப்பது நல்ல யோசனை. ஆனால் உலோகம் நீங்கிய கடல் நீருக்காக ஏற்கெனவே ஏபிடிசி–எம்ஐபிகேயால் பிரித்த நீரை மறுபடி பயன்படுத்தும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. அந்த நீர் எம்ஐபிகேயால் நிறைவாகிவிட்டது. அதில் தயாரித்த ஸ்டாண்டர்டில் மேலடுக்கு 10 மி.லி.யாகவே நிற்கும், நிறைவாக்காத மாதிரியில் 7 மி.லி.யாகச் சுருங்கும். இப்போது பிழை எதிர்த்திசையில், மாதிரி 43 விழுக்காடு கூடுதலாகக் காட்டும்.

ஈயம் மட்டும் தனியாக ஏன் விழுந்தது

கன அளவைச் சரிசெய்த பிறகு கடல் நீரில் மற்ற மூன்றும் 98-க்கு மேல் ஏறின. ஈயம் 84-இல் நின்றது. நன்னீரிலும் 84. அதாவது முதலில் கண்ட 66 என்பது இரண்டு தனித்தனிப் பிழைகளின் பெருக்கல்: 84-இல் 79 விழுக்காடு.

இங்கே ஒரு உலோகம் மட்டும் விழுவதால் வேதியியலைச் சந்தேகிக்கலாம். குறிப்பேட்டைப் பார்த்தபோது காரணம் நேரத்தில் இருந்தது. மாதிரிகள் மாலையில் பிரித்தெடுக்கப்பட்டு, பிரிபுனலிலேயே நீரோடு விடப்பட்டு, மறுநாள் காலையில் அளக்கப்பட்டன. ஸ்டாண்டர்டுகள் அன்று காலையிலேயே பிரித்தெடுத்து உடனே அளக்கப்பட்டன. ஈயத்தின் ஏபிடிசி அணைவு எம்ஐபிகேயில் நெடுநேரம் நிலைக்காது, அமில நீரோடு தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் வேகமாகச் சிதையும். செம்பும் நிக்கலும் இரவைத் தாங்கும், ஈயம் தாங்காது. மாங்கனீஸ் இன்னும் மோசம், அதைப் பிரித்த கையோடு அளக்க வேண்டும்.

திருத்தம் எளிது. அடுக்குகள் பிரிந்ததும் நீரை வடித்துவிட்டு, எம்ஐபிகேயை மூடியுள்ள கண்ணாடிக் குழாய்க்கு மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஈயத்தை அளந்துவிட வேண்டும். நான்கு உலோகங்களில் ஈயத்தையே முதலில் அளக்க வேண்டும். அன்றைய ஸ்டாண்டர்டும் மாதிரியும் ஒரே வேளையில் பிரிக்கப்பட வேண்டும். இந்தக் குழாய்களுக்கும் ஏஏஎஸ் தட்டுக்கும் பாலிஸ்டைரீன் கிண்ணங்களை வைக்காதீர்கள். எம்ஐபிகே அவற்றைக் கரைத்துவிடும்.

மழைக்குப் பிந்தைய கலங்கல் நீரில் நிக்கல்

மழைக்குப் பின் எடுத்து, வடிகட்டாமல் அமிலத்தில் செரித்த ஒரு மாதிரியில் நிக்கல் மீட்பு மட்டும் பாதிக்குப் போய்விட்டது. குலுக்கியதும் மேலடுக்கு கரும்பழுப்பாக மாறி, அடுக்குகளின் எல்லையில் கறுப்புத் துகள்கள் மிதந்தன. அந்த நிறமே விடையைச் சொல்லிவிடுகிறது: இரும்பு.

ஃபெரிக் அயனி ஒவ்வொன்றும் மூன்று ஏபிடிசி மூலக்கூறுகளை எடுத்துக்கொள்ளும். 4 விழுக்காடு கரைசலின் 1 மி.லி.யில் 40 மி.கி. ஏபிடிசி இருக்கிறது. அதன் மூலக்கூறு நிறை 164. கணக்கிட்டால் 4.5 மி.கி. இரும்பே மொத்த ஏபிடிசியையும் தின்றுவிடும். 200 மி.லி. மாதிரிக்கு அது லிட்டருக்கு 23 மி.கி. இரும்பு. வண்டல் கலந்த வெள்ள நீரைச் செரித்தால் அந்த அளவு எளிதில் வரும். மாதிரியை இரட்டிப்பாக்கியபோது ஏபிடிசியை இரட்டிப்பாக்காததால் எல்லை பாதியாக இறங்கிவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். ஈனி பற்றாக்குறையானால் வலுவான அணைவு தருகிற செம்பு தன் பங்கை எடுத்துக்கொள்ளும், அடுத்தடுத்தவை பின்தங்கும். அதனால்தான் செம்பு சரியாகவும் நிக்கல் குறைவாகவும் வந்தது.

ஏபிடிசியை 5 மி.லி.யாக உயர்த்தியதும் நிக்கல் மீண்டது. ஆனால் ஈனியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றக் கூடாது. ஏற்றினால் பிளாங்கும் ஏறும், இரும்பு அணைவு எம்ஐபிகேயில் கரையாமல் துகளாக நின்று, மாதிரியைச் சுடருக்குத் தெளிக்கும் நெபுலைசரின் நுண்குழலை அடைக்கும். இரும்பு மிகுந்த மாதிரியைக் குறைந்த கன அளவில் எடுப்பதே எங்கள் பரிந்துரை.

ஏபிடிசி கரைசல் அன்றன்று தயாராக வேண்டும். தயாரித்ததும் சம அளவு எம்ஐபிகேயோடு அரை நிமிடம் குலுக்கி மேலடுக்கை எறிந்துவிட்டால், மருந்தோடு வந்த உலோகம் நீங்கிவிடும். பிளாங்கை ஏற்றுகிற மற்றொன்று பிஎச் சரிசெய்யும் அம்மோனியா. மாதிரிக்குள் மின்முனையை முக்காமல், கண்ணாடிக் கோலால் ஒரு துளி எடுத்துக் குறுகிய வீச்சுத் தாளில் பாருங்கள்.

குரோமியம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதே ஆய்வகத்துக்குப் பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்து அடையாற்று நீரும் வருகிறது. ஏபிடிசி பிடிப்பது ஆறு இணைதிறன் குரோமியத்தைத்தான். தோல் பதனிடும் கழிவில் பெரும்பங்கு மூன்று இணைதிறன் குரோமியம். அதைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகள் அறை வெப்பநிலையில் எளிதில் இடம் கொடுக்காததால் அது பிரிந்து வராது. இந்த முறையில் குரோமியம் இல்லை என்று வந்தால், பெர்மாங்கனேட்டால் ஆக்சிஜனேற்றம் செய்து மீண்டும் பார்க்காமல் அதை மொத்தக் குரோமியமாக எழுதக் கூடாது.

பழைய அறிக்கையை என்ன செய்வது

காட்மியம், செம்பு, நிக்கல் மூன்றுக்கும் திருத்தம் சாத்தியம். ஒவ்வொரு மாதிரிக்கும் மின்கடத்துதிறன் பதிவாகியிருந்தது, அதிலிருந்து உவர்ப்பு தெரியும். வெவ்வேறு உவர்ப்பில் மேலடுக்கின் கன அளவை இப்போது அளந்து ஒரு கோடு வரைந்தால், பழைய எண்களைப் பெருக்க வேண்டிய காரணி கிடைக்கும்: நன்னீருக்கு 1.00, நடு இடத்துக்கு 1.15, கடலுக்கு 1.27. திருத்திய எண் எது, அளந்த எண் எது என்று இரண்டையும் அறிக்கையில் காட்ட வேண்டும். ஈயத்துக்கு இது முடியாது. இரவில் எத்தனை மணி நேரம் நின்றது, எவ்வளவு சிதைந்தது என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். அந்த ஈய எண்களை விலக்கிவிட்டு, மீண்டும் மாதிரி எடுப்பதே நேர்மையான வழி. வெள்ளத்துக்குப் பிந்தைய கலங்கல் மாதிரியின் நிக்கலும் அப்படியே.

இனி ஒவ்வொரு தொகுதியிலும் மீட்புச் சோதனை இரண்டு, ஒன்று நன்னீரில், ஒன்று அந்தத் தொகுதியில் உவர்ப்பு மிகுந்த மாதிரியில். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தொகுதி நிற்கும். குறிப்பேட்டில் மேலடுக்கின் கன அளவுக்கு ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது, பிரித்த நேரத்துக்கும் அளந்த நேரத்துக்கும் தலா ஒன்று.

சுடரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்ஐபிகேயே எரிபொருள் என்பதால் நீர் மாதிரிக்கு வைத்த அசிட்டிலின் ஓட்டத்தில் சுடர் மஞ்சளாகப் புகையும். எம்ஐபிகேயை உறிஞ்சவிட்டுக்கொண்டே சுடர் நீலமாகும்வரை அசிட்டிலினைக் குறைக்க வேண்டும். மாதிரிகளுக்கு நடுவே நீரை உறிஞ்சாமல் எம்ஐபிகேயையே உறிஞ்சவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் சுடர் குலையும். வடிகால் பொறியிலும் நீருக்குப் பதில் எம்ஐபிகே நிரம்பியிருக்க வேண்டும், தெளிப்பு அறையின் ஓ-ரிங்குகள் கரிமக் கரைப்பானைத் தாங்குபவையாக இருக்க வேண்டும்.

எம்ஐபிகே பற்றும் வெப்பநிலை 14 டிகிரி செல்சியஸ். சென்னையில் எந்த மாதத்திலும் அறை வெப்பநிலை அதற்கு மேல்தான், ஏசி ஓடினாலும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, மேசைக்கடியில் தங்கும். குலுக்கும்போது புனலைக் கவிழ்த்து அடிக்கடி குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுவதும், அதைப் புகைபோக்கி அறைக்குள் செய்வதும் கட்டாயம். முன்கழுவல் சேர்ந்ததால் கரைப்பான் கழிவு இரட்டிப்பாகிறது. அடியில் வடித்த நீரையும் தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது: ஒவ்வொரு 200 மி.லி.யிலும் 3 முதல் 4 மி.லி. எம்ஐபிகே கரைந்திருக்கிறது. அதைத் தனிக் கேனில் சேர்த்து, அபாயக் கழிவாகவே அனுப்ப வேண்டும்.